அப்பாவின் பள்ளியறை

 

சென்ற மாதக் குடும்ப வழிபாட்டில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பு, தொண்டு. உழவாரப் பணி, அன்னதானம், முதியோர் இல்லத்துக்குப் போய் வந்தது என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எங்கள் வீட்டுப் படுக்கையறையைப் பற்றிப் பேசினேன். பின்வரிசையில் இரண்டு தம்பிகள் சிரித்தார்கள். பேசி முடித்ததும் அதில் ஒருவன் வந்து, "அண்ணே, எங்க அம்மாவும் நைட் ஷிப்ட்தாண்ணே" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை, போய்விட்டான். அவனுக்காகத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில் கோயிலில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தாமானுக்குப் பக்கத்தில் உள்ள சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமை இரவு பள்ளியறைப் பூசை நடக்கும். அதற்குள் முக்கால்வாசிப் பேர் பிரசாதம் வாங்கிக்கொண்டு காருக்குப் போய்விடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். மதுரையில் இது ஒவ்வோர் இரவும் நடக்கிறது. சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் ஏறி மீனாட்சியம்மன் சந்நிதியில் உள்ள பள்ளியறைக்குப் போகும். பால் நிவேதனம், பாட்டு, தீபாராதனை. பிறகு கதவு சாத்தப்படும். மறுநாள் விடியலில் இறைவனைத் துயில் எழுப்ப வேண்டும். மார்கழியில் நாம் குளிரக் குளிரக் குளித்துவிட்டுப் போய்ப் பாடுகிறோமே, மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி, பத்துப் பாடல்கள், அது அதற்குத்தான். 'பள்ளி' என்றால் படுக்கை, தூக்கம் என்றும் பொருள் உண்டு. (வகுப்பில் தூங்குகிறவர்கள் இதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.)

ஒருமுறை வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள்: "தூங்காத சாமிக்கு எதுக்குண்ணா தூக்கம்?" புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். உபசாரம் பதினாறு வகை, அப்படி இப்படி என்று. அவள் தலையாட்டினாள். எனக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறேன்.

நான் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் பொறியியல் மாணவன். படிப்பது தெற்கே, ஜொகூரில். வீடு வடக்கே, பிறையில். அடுக்குமாடியின் நான்காவது மாடி, மூன்று அறை, ஆறு உருப்படி: அப்பா, அம்மா, பாட்டி, நான், இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதும் தம்பி, பிறகு தம்பியின் கிட்டார். அதையும் ஓர் ஆளாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை வேலை பார்க்கிறார். முன்பு பகல் ஷிப்ட்தான். எனக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்த வருடம் இரவுக்கு மாறினார். நைட் அலவன்ஸ் கூடக் கிடைக்கும். பிடிபிடிஎன் கடன் போக மிச்சச் செலவு அதிலிருந்துதான் வருகிறது. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

போன வருடம் செமஸ்டர் விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு போன் வந்தது. அப்பா மோட்டாரோடு சாலையோரப் புல்லில் விழுந்து கிடந்தார். நல்லவேளை, பின்னால் லாரி வரவில்லை. இடது மணிக்கட்டில் விரிசல், முழங்காலில் தையல். அம்மாவிடம், "மழை பேஞ்ச ரோடு, சறுக்கிடுச்சி" என்றார். கிளினிக்கில் என்னோடு தனியாக இருக்கும்போது மெதுவாகச் சொன்னார், "கண்ணு சொக்கிடுச்சிப்பா. ரெண்டு நொடிதான்."

நான் படிக்கிற படிப்புக்கு உடனே மனம் கணக்குப் போட்டுவிட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் இரண்டு நொடியில் 33 மீட்டர். முப்பத்து மூன்று மீட்டர் தூரம் எங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் ஓட்டியிருக்கிறார்.

மருத்துவர் இரண்டு வார எம்.சி. கொடுத்தார். அந்த இரண்டு வாரமும் அப்பா பகலில் படுக்க முயன்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். காலை 9 மணியிலிருந்து 2 மணிக்குள் அந்த அறைக் கதவு ஏழு முறை திறந்தது. துணி அலமாரி அந்த அறையில்தான் இருக்கிறது, ஆக அம்மா இரண்டு முறை. பாட்டியின் மருந்துப் பெட்டி அலமாரி மேல், அதற்கு ஒரு முறை. தம்பி சார்ஜருக்கு ஒரு முறை, இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு முறை. மீதி இரண்டு முறை நான், என் பழைய சான்றிதழ்களைத் தேடி. ஒவ்வொரு முறையும் எல்லாரும் பூனை மாதிரி நடந்துதான் போனோம். நடையில் சத்தம் இல்லை. கதவின் கீல்தான் கத்தியது, வெளிச்சம் அவர் முகத்தில் போய் விழுந்தது. ஒரு மணிக்கு மேல் மேற்குச் சன்னலில் வெயில் ஏறியது. இரண்டு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "போதும்பா, தூங்கிட்டேன்" என்றார். கூட்டிப் பார்த்தேன், நாலு மணி நேரம்கூட இல்லை. இரண்டு வருடமாக இப்படித்தான்.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சே பொய்யாகிவிடும். எங்கள் வீட்டு சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை இருக்கிறது. திருமுறை ஓதும் போட்டியில் நான் வாங்கியது. அதற்காக ஒரு மாதம், சனி ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹாலில் உட்கார்ந்து, புளூடூத் ஸ்பீக்கரில் சுருதி வைத்து, தேவாரம் பயிற்சி செய்தேன். ஹாலுக்கும் அப்பா அறைக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான். அப்பா ஒரு நாளும் "நிறுத்து" என்று சொன்னதில்லை. பரிசு வாங்கிய அன்று, "எல்லாப் பதிகமும் எனக்கும் மனப்பாடம் ஆயிடுச்சிப்பா" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பாராட்டும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தூங்குகிற மனிதருக்கு எப்படி மனப்பாடம் ஆகும்?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பள்ளியறைப் பூசைக்குக் கடைசிவரை நின்றேன். புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது. ஐயர் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகிறார். மேளம் நின்றது, பெரிய விளக்குகள் அணைந்தன, ஓதுகிற குரல் தணிந்தது, பால் வைத்தார், கதவைச் சாத்தினார். அதற்கப்புறம் யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை. சார்ஜர் எடுக்கவும் யாரும் உள்ளே போகவில்லை. இறைவனுக்குத் தூக்கம் தேவையில்லை என்பது நமக்குத் தெரியும். தேவையே இல்லாத ஒருவருக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். தேவை உள்ளவர் வீட்டில் கண் எரிய எரியப் படுத்திருக்கிறார். அந்தத் தங்கைக்குச் சரியான பதில் என்னிடம் இப்போது இருக்கிறது. ஒருவரை எப்படித் தூங்கவிடுவது என்று கோயில் நமக்குச் சொல்லிக்கொடுக்கிறது. இது என் புரிதல். ஆகமம் படித்தவர்கள் இன்னும் ஆழமாகச் சொல்வார்கள்.

நம் சைவ சித்தாந்தம் தூக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரின் நிலைகளை நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இறைவனின் ஐந்தொழிலில் அழித்தலும் ஒன்று என்று சின்ன வயதில் படித்திருப்பீர்கள். அழித்தல் என்றால் எனக்கு நெருப்பும் நெற்றிக்கண்ணும்தான் ஞாபகம் வரும். ஆனால் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதற்குச் சொல்லும் காரணம் வேறு. பிறந்து பிறந்து இளைத்துப்போன உயிர்களின் களைப்பை ஆற்றுவதற்காகத்தான் இறைவன் எல்லாவற்றையும் ஒடுக்குகிறான் என்கிறார். அதாவது அதுவும் கருணை. வகுப்பில் ஐயா இதை நடத்தியபோது தேர்வுக்காக எழுதி வைத்துக்கொண்டேன். அப்பாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்த பிறகுதான் அந்த வரிக்கு அர்த்தம் விளங்கியது. களைத்தவரை ஓய்வெடுக்க விடுவது இறைவன் தன் ஐந்து தொழிலில் ஒன்றாக வைத்திருக்கும் வேலை.

சரி, அறைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பொறியியல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவின் அறை மேற்குப் பார்த்தது. பினாங்குப் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறத்தாழ 1.15-க்கு. நம் கடிகாரம் சூரியனை விட முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை இன்னும் அரை மணி முன்னே நகர்த்தி, சபா சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். ஆக, மேற்குச் சுவரில் வெயில் இறங்குவது ஒன்றேகால் மணிக்குப் பிறகு. அப்பா எழுந்து உட்கார்ந்த நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நாங்கள் "அப்பாவுக்கு வயசாயிடுச்சி, தூக்கம் வரல" என்று பேசிக்கொண்டிருந்தோம். அவரை எழுப்பிவிட்டது சுவர்.

காத்தாடியை ஐந்தில் வைத்தால் போதாதா என்றால், போதாது. காத்தாடி காற்றைக் குளிர்விப்பதில்லை. அது நம் தோலில் இருக்கும் வியர்வையை ஆவியாக்கி நமக்குக் குளிர்ச்சியைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சுவர் சூடாகிவிட்டால் அது சூட்டைத்தான் சுற்றிவிடும். தடித்த திரைச்சீலை உள்ளே போட்டாலும் வெளிச்சம் நிற்குமே தவிர, கண்ணாடி வழியாக ஏற்கெனவே உள்ளே வந்த சூடு அறைக்குள்தான் இருக்கும்.

இன்னொன்று, உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இரவில் உடலின் சூடு இறங்கும், விடிந்தால் ஏறும். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது கண்ணில் படும் வெளிச்சம். பகலில் தூங்குகிறவர் தன் உடம்பையே எதிர்த்துத்தான் தூங்குகிறார். இரவில் நாம் எந்த அறையிலும் தூங்கிவிடலாம். அவருக்கு மட்டும் அறை உதவி செய்தால்தான் முடியும்.

வீட்டில் வெயிலே படாத அறை ஒன்றே ஒன்று. கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக விட்டிருக்கும் வெற்றிடத்தைப் பார்த்த நடு அறை. பகல் 3 மணிக்கு வெப்பமானியில் மேற்கு அறை 34 டிகிரி காட்டியபோது நடு அறை 30 காட்டியது. நண்பகலிலும் விளக்குப் போட்டால்தான் புத்தகம் படிக்க முடியும். அதை நாங்கள் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த அறை யாருடையது? என்னுடையதும் தம்பியுடையதும். என் மேசை, என் கணினி, சுவரில் லிவர்பூல் படம், எல்லாம் அங்கேதான்.

உடனே "எடுத்துக்குங்கப்பா" என்று சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால் இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாளும் வேறு வழி உண்டா என்று தேடினேன். ஏர்கோன் விலை பார்த்தேன், மின்சாரக் கட்டணம் கணக்குப் போட்டேன். நான் வருடத்தில் மூன்று மாதம்கூட இருக்காத அறை அது. அப்படியும் இரண்டு நாள்.

தம்பியிடம் சொன்னதும் அவன், "எஸ்.பி.எம். வருஷத்துல என்னைப் போய் அடுப்புக்குள்ள படுக்கச் சொல்றியா?" என்றான். நியாயமான கேள்வி. மேற்குச் சுவர் குடித்த வெயிலை இரவு பத்து பதினொன்று வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெளியே, சன்னலுக்கு முன்னால் மூங்கில் தட்டி கட்டினேன். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தினால்தான் பலன். கொஞ்சம் குறைந்தது, முழுக்கத் தீரவில்லை. அவன் இப்போது இரவு பத்து வரை ஹாலில் படிக்கிறான், பிறகுதான் அறைக்குப் போகிறான். இதற்கு இன்னும் நல்ல வழி கண்டுபிடிக்க வேண்டியது என் பாக்கி.

நடு அறையில் செய்தது அதிகம் இல்லை. துணி அலமாரியும் பாட்டியின் மருந்துப் பெட்டியும் உள்ளே போகவே இல்லை. இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் என்பேன், இதற்கு ஒரு காசு செலவில்லை. கண்ணாடிப் பட்டை சன்னலை மூடிவிட்டால் மூச்சு முட்டும், திறந்தால் பக்கத்து வீட்டு அடுக்களை விளக்கு வரும். அதனால் கறுப்புத் துணியைச் சன்னலோடு ஒட்டிக் கட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டேன். காற்று ஓரமாக வரும், வெளிச்சம் வராது. கீலுக்கு எண்ணெய். கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குப் பழைய டி-சட்டையைச் சுருட்டித் தைத்து வைத்தாள் பாட்டி. காற்றுப் போகும் வழியில்தான் சத்தமும் போகும். மொத்தச் செலவு 40 வெள்ளிக்குள். காத்தாடியின் ஒரே மாதிரியான இரைச்சல் நல்லதுதான் என்றும் கண்டுகொண்டேன். நம்மை எழுப்புவது சத்தம் என்பதை விட, திடீரென்று மாறுகிற சத்தம்.

அப்பா விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்ட்டீனில் ஒரு கோப்பி-ஓ குடிப்பார். காப்பியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அவர் படுக்கும்போது பாதிக் கோப்பை உடம்பில் இன்னும் விழித்துக்கொண்டிருக்கும். "ரெண்டு மணிக்கே குடிச்சிடுங்கப்பா" என்றேன். இதற்கு மட்டும் பெரிய பேச்சுவார்த்தை தேவைப்பட்டது.

பாட்டி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: வடக்கே தலை வைக்கக் கூடாது. தெற்கே தலை வைத்துக் கட்டில் போட்டோம். பாட்டி சொன்னாள், போட்டேன். அவ்வளவுதான். ஆனால் இதற்குப் புலனத்தில் சுற்றுகிற காந்த விளக்கத்தை மட்டும் தயவுசெய்து பகிராதீர்கள். நம் இரத்தத்தில் உள்ள இரும்பு, காந்தம் இழுக்கிற இரும்பு போன்றது இல்லை. அப்படி இருந்திருந்தால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் போன ஒருவரும் எழுந்து வந்திருக்க மாட்டார்கள். பெரியவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கப் பொய் அறிவியல் தேவையில்லை.

எதிர்வீட்டு மக்சிக்கிடம் போய், பகலில் கிரில் கேட்டை இழுக்கும்போது கொஞ்சம் மெதுவாக என்று கேட்கத் தயங்கினேன். அவர் என்னைப் பார்த்து, தன் கணவரும் இரவு லாரிதான் என்றார். பத்து வருடமாக எதிரெதிர் வீடு, இது எங்களுக்குத் தெரியாது. இப்போது இரண்டு கேட்டிலும் துணி சுற்றியிருக்கிறது.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாமா வந்து திருக்குறளை எடுத்துக்கொண்டார். காலம் தாழ்த்துவது, மறதி, சோம்பல், தூக்கம் நான்கும் கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று வள்ளுவர் சொல்லவில்லையா என்றார். சொல்லியிருக்கிறார், மடியின்மை அதிகாரத்தில். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவரையா அவர் சொன்னார்? கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதிகமாகத் தூங்குகிறவனுக்கும் யோகம் இல்லை, அடியோடு விழித்துக்கிடப்பவனுக்கும் இல்லை. நாம் முதல் பாதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். கும்பகருணனைக் கிண்டல் பண்ணுகிறோம். அவனைப் பாதித் தூக்கத்தில் எழுப்பிப் போருக்கு அனுப்பியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

சாமி கும்பிடுவதில்கூட மாற்றம் வந்தது. அம்மா காலைப் பூசையை அப்பா வேலை முடிந்து வருவதற்குள் மணியடித்து முடித்துவிடுகிறார். அப்பா வந்ததும் திருநீறு பூசிக்கொண்டு, சாப்பிட்டு, படுக்கப் போகிறார். வெள்ளிக்கிழமைப் பாட்டு மாலை நாலு மணிக்குத்தான். நான் ஓதிப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போகிறேன். தண்ணீர்த் தொட்டிகளுக்குச் சுருதி தெரியாது, பரவாயில்லை.

விடுதியில் இருக்கும் நண்பர்களே, உங்கள் அறையிலும் ஓர் ஆள் படுத்திருப்பான். இரவு ஒரு மணிக்கு நீங்கள் இயர்போன் இல்லாமல் பார்க்கிற வீடியோ யாருடைய காலை எட்டு மணி வகுப்பைக் கெடுக்கிறது என்று பாருங்கள். வேலைக்குப் போகும் அப்பா அம்மா உள்ளவர்கள், என்னைப் போல ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துப் பாருங்கள், கதவு எத்தனை முறை திறக்கிறது என்று.

போன வாரம் ஜொகூரிலிருந்து இரவு பஸ் ஏறி வந்தேன். பஸ் தாமதம், வீடு வந்து சேரும்போது காலை பதினொன்று. அழைப்பு மணியை அடிக்கவில்லை, அம்மாவுக்குப் புலனத்தில் செய்தி அனுப்பினேன். கதவைத் திறந்த அம்மா வாயில் விரல் வைத்துக் காட்டினார். பாட்டி சைகையிலேயே சாப்பிட்டாயா என்று கேட்டாள். தம்பியின் கிட்டார் உறைக்குள் இருந்தது. நான் ஹாலில் பாய் விரித்துப் படுத்தேன். நடு அறைக் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. யாரோ தலையைத் தொட்டார்கள். கண் விழித்தால் மணி மூன்றே முக்கால், பக்கத்தில் அப்பா கைலியோடு உட்கார்ந்திருக்கிறார்.

"எப்பப்பா வந்த? சத்தமே கேக்கல."